கொடுங்க, அவங்க கையில மட்டும் வேண்டாம்

முப்பத்தோரு வருடம் அரசாங்கக் குழுக்களின் விசாரணைகளில் குறிப்பெடுத்தேன். சாட்சி சொல்ல வருபவர்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதுவதுதான் என் வேலை. அமைச்சர்கள், முதலாளிகள், பேராசிரியர்கள் என்று எத்தனையோ பேருடைய பேச்சு என் விரல் வழியாகப் போயிருக்கிறது. பெரும்பாலும் மறுநாளே மறந்துவிடும். ஒரே ஒருத்தி பேசியபோது மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டுத்தான் விட்ட இடத்தை நிரப்பினேன்.

அவள் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். அங்கே அவளைக் 'காதுக்காரி' என்பார்கள். இப்போது எனக்கு நெருங்கிய சிநேகிதி. அந்த உரிமையில்தான் 'அவள்' என்று எழுதுகிறேன். மற்றபடி மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

பத்தொன்பது வயதில் அந்தத் தொழிற்சாலையில் கார் சீட் தைக்கும் பகுதியில் சேர்ந்தாள். பக்கத்து மிஷினில் இருந்தவளுக்கு 'நூல்கண்டு' என்று பெயர். ஒல்லியான உடம்பு, ஒரு இடத்தில் நிற்காத கால், அதனால் அந்தப் பெயர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரு மழைநாளில் ஷிப்ட் பஸ் வரவில்லை. டெஸ்ட் டிரைவர் ஒருவர், அப்போதுதான் செய்து முடித்த காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு வெளிவாசல்வரை வந்தார். பின்சீட்டில் இருந்த இவள், "இடது பக்கக் கதவுக்குள்ள ஒரு ஸ்க்ரூ கிடக்கு" என்றாள்.

டிரைவர் சிரித்தார். "கதவுல ஸ்க்ரூ இருக்கத்தாம்மா செய்யும்."

"இருக்கிறது வேற, கிடக்கிறது வேற."

மறுநாள் கதவின் உட்பலகையைக் கழற்றிப் பார்த்தார்கள். கிடந்தது.

அடுத்த மாதமே அவளை டெஸ்ட் டிராக்குக்கு மாற்றிவிட்டார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் வட்டமாக ஓடும் பாதை அது. கொஞ்ச தூரம் கருங்கல் பாவியது, கொஞ்ச தூரம் சரளை, பிறகு வரிசையாக மேடுகள், கடைசியில் ஒரு செங்குத்தான இறக்கம். இருபது காருக்கு ஒன்று என்று அவளிடம் வரும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டு, அந்தப் பாதையில் மெதுவாக ஒரு சுற்று, வேகமாக ஒரு சுற்று போவாள். லொடலொட என்றால் ஏதோ ஒன்றை முடுக்கவே மறந்திருக்கிறார்கள். கிறீச் என்றால் இரண்டு பொருள் உரசுகின்றன. கிணுகிணு என்றால் கண்ணாடி. ஒரே ஒரு டொக் மட்டும் வந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம், சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்கும் பாகத்தையே பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்ட சத்தத்தை மஞ்சள் சீட்டில் எழுதி, தர அலுவலகத்தில் கொடுப்பாள். ஒரு நகல் தன்னிடம் வைத்துக்கொள்வாள். இருபத்தாறு வருடம் இதுதான் பிழைப்பு.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட நூலகர். "எனக்கு இரண்டு இடத்துல சத்தம் போட அனுமதி இல்லை, ஒண்ணு வேலை பார்க்கிற இடம், இன்னொண்ணு வீடு" என்பார். மனிதர் மெல்லப் பேசுபவர். அவளோ வாயைத் திறந்தால் தெரு முனைவரை கேட்கும்.

இனி அந்தச் சின்னக் கார் விஷயத்துக்கு வருகிறேன். நடுத்தரக் குடும்பங்களுக்காக என்று கம்பெனி புதிதாக ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர்க் கட்டைப் பிடித்துக்கொள்ள ஓர் உலோகக் கிளிப் இருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று அதைப் பிளாஸ்டிக்காக மாற்றினார்கள். குளிர்ந்த காலை வேளையில் பிளாஸ்டிக் சுருங்கும். சுருங்கினால் டிக்டிக், டிக்டிக். அவள் மஞ்சள் சீட்டு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். பதினோராவது சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு மாடியேறிப் போனாள். அதிகாரிகள் எல்லாரும் மூன்றாவது மாடியில் இருந்ததால் கீழே வேலை செய்பவர்கள் அவர்களை 'மாடிக்காரங்க' என்றே சொல்வார்கள்.

தர மேலாளர் சீட்டைப் படித்தார். "ரேடியோவைப் போட்டா கேக்காதும்மா" என்றார்.

"அணைச்சா கேக்குமே சார்."

"யாரு அணைக்கப் போறா?"

வாங்கியவர்கள் அணைத்தார்கள். ஆறே மாதத்தில் ஊரார் அந்தக் காருக்குக் 'கிலுகிலுப்பை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரன், "குழந்தை அழுதா காரை ஸ்டார்ட் பண்ணுங்க, சமாதானம் ஆயிடும்" என்று கிண்டல் செய்தான். இது போதாதென்று கம்பெனி, கப்பல் மாதிரி ஒரு பெரிய காரையும் இறக்கியது. அதை நிறுத்தும் அளவுக்கு இடம் உள்ளவர்கள் வேறு கம்பெனிக் கார் வாங்கினார்கள். விற்காத கார்கள் முதலில் தொழிற்சாலை முற்றத்தை நிரப்பின. பிறகு பக்கத்திலிருந்த கால்பந்து மைதானத்தையும் வாடகைக்குப் பிடித்து நிறுத்தினார்கள். மூன்றாவது வருடம் கம்பெனி கையை விரித்தது. அரசாங்கம் உதவாவிட்டால் நான்கே மாதத்தில் வாசலைப் பூட்டிவிடுவோம், ஒன்பதாயிரம் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அறிவித்தது.

ஊர் இரண்டுபட்டது. முடிவெட்டும் கடையில், பஸ்ஸில், பல் டாக்டர் வாசலில் வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தவர்களிடையேகூட அதே பேச்சு. கொடுக்கணும், கொடுக்கக் கூடாது.

காதுக்காரி வீட்டில் அந்தப் பேச்சு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜைக்கே வந்தது. கொண்டுவந்தவன் அவள் தம்பி. அவன் ஓர் அச்சகம் வைத்திருந்தவன். நான்கு பேருக்கு வேலை கொடுத்தவன். ஆறு வருடத்துக்கு முன் அதை மூடிவிட்டு இப்போது பார்சல் வேன் ஓட்டுகிறான்.

"என் மிஷின் ரெண்டையும் பழைய இரும்புக்காரன்கிட்ட எடைக்குப் போட்டேனே அக்கா, அன்னிக்கு எந்தக் கமிட்டி வந்துச்சு?" என்றான்.

"நாலு பேர் வேலை பார்த்த இடம்டா அது."

"ஒம்பதாயிரம் பேருக்குத்தான் வயிறா? நாலு பேருக்கு வயிறு கிடையாதா?"

அவளுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அது அபூர்வம் என்பதால் வீட்டுக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

தம்பி விடவில்லை. "நான் கட்டுற வரியில அவங்க தப்பை மெழுகணுமா? மாமா, நீங்களே சொல்லுங்க."

"என்னை இழுக்காதே. நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் மாமா.

அந்தச் சமயத்தில்தான் சங்கச் செயலாளர் அவளைத் தேடி வந்தார். அரசாங்கம் ஐந்து பேர் கொண்ட குழுவை அமைத்திருந்தது. உதவலாமா வேண்டாமா என்று அது பரிந்துரைக்க வேண்டும். ஊருக்கே வந்து விசாரிக்கப் போகிறது. தொழிலாளர் தரப்பில் செயலாளரோடு சாதாரணத் தொழிலாளி ஒருவரும் பேச வேண்டும். சங்கம் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. கூச்சம் இல்லாதவள், கணீர் என்ற குரல், பெண்பிள்ளை என்றால் கமிட்டிக்காரர்கள் கொஞ்சம் இளகுவார்கள் என்பது செயலாளரின் கணக்கு. நான்கு பக்கத்தில் பேச்சைத் தயாராக எழுதியும் கொண்டுவந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அதை மேஜையில் வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். 'எங்கள் கண்ணீரைத் துடையுங்கள்' என்ற வரி வந்தபோது தம்பிக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. "நீ எப்பக்கா அழுதே? அப்பா செத்தப்பவே ஆஸ்பத்திரிக்காரங்களோட சண்டை போட்டவ நீ."

அவளும் சிரித்துவிட்டாள். காகிதத்தை மடித்து வைத்தாள். பிறகு அவனை நேராகப் பார்த்துக் கேட்டாள். "சரி, கொடுத்துத்தான் ஆகணும்னு வெச்சுக்க. எப்படிக் கொடுத்தா உன் வயிறு எரியாது?"

அப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. தட்டில் விரலால் ஒரு கோடு போட்டான்.

"நான் கடையை மூடினப்ப முதல்ல அடிபட்டது நான். அப்புறம்தான் என்கிட்ட வேலை பார்த்தவங்க. அங்கயும் அதே வரிசை இருக்கட்டும். தப்பு பண்ணினவன் முதல்ல எழுந்து போகட்டும். அப்புறம் கொடுங்க. கொடுத்துட்டுத் திரும்பிப் படுத்துக்காதீங்க. பக்கத்துலயே நின்னு பாருங்க."

"இதை ஏன்டா போன வாரமே சொல்லலை?"

"நீ கேட்டாத்தானே?"

விசாரணை நகராட்சி மண்டபத்தில் நடந்தது. மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேஜையில் நான். மேடையில் ஐந்து பேர். தலைமை வகித்தவர் ஓய்வுபெற்ற பெண் நீதிபதி. அவருக்கு வலப்பக்கம் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். அரசாங்கப் பணத்தைத் தனியாருக்குத் தரவே கூடாது என்று பத்திரிகைகளில் எழுதிவந்தவர். முதலில் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் திரையில் படம் படமாகக் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். உலகச் சந்தை சரியில்லை, எரிபொருள் விலை சரியில்லை, மக்களின் ரசனைகூடச் சரியில்லை. அவருடைய கம்பெனியைத் தவிர எல்லாமே சரியில்லாமல் இருந்தது. சங்கச் செயலாளர் கண்ணீர் வரப் பேசினார். பிறகு அவளைக் கூப்பிட்டார்கள்.

நீல நிற வேலை உடுப்பிலேயே வந்திருந்தாள். நான்கு பக்கக் காகிதத்தை மடித்தபடியே மேஜைமேல் வைத்தாள்.

தலைவர் கேட்டார், "நீங்க என்ன வேலை செய்யறீங்கம்மா?"

"டெஸ்ட் டிராக்ல கார் ஓட்டுறேங்க. சத்தம் கேட்டா எழுதிக் கொடுக்கிறது என் வேலை."

"எழுதிக் கொடுத்த பிறகு?"

"அத்தோட என் வேலை முடிஞ்சுதுங்க. அதான் இங்க வந்து நிக்கிறோம்."

மண்டபத்தில் சலசலப்பு. அவள் உடுப்பின் பையிலிருந்து பதினோரு மஞ்சள் நகல்களை எடுத்து ஒவ்வொன்றின் தேதியையும் படித்தாள். கோபமில்லை, மளிகைப் பட்டியல் வாசிக்கிற குரல். மேலாளர் ரேடியோவைப் பற்றிச் சொன்னதையும் அப்படியே சொன்னாள். பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

நிர்வாக இயக்குநர் எழுந்தார். "இந்த மாதிரி சீட்டு ஒரு நாளைக்கு நூறு வரும், மேடம்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா நூறு பதில் போயிருக்கணுமே?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது பேராசிரியரின் முறை. "உங்க கஷ்டம் புரியுது. ஆனா தோத்துப்போன ஒரு கம்பெனியைத் தூக்கிவிட்டா, நாளைக்கு எல்லாரும் தோத்துட்டு வந்து கையை நீட்டுவாங்களே?"

"நீட்டுவாங்கதான் ஐயா. என் தம்பியும் இதையேதான் கேக்குறான். அவன் அச்சகம் போனப்ப யாரும் வரலை. அதுக்கு என்கிட்ட இன்னிவரைக்கும் பதில் இல்லை."

"அப்படின்னா மூடிடலாமா?"

"மூடினா மாடிக்காரங்க வேற ஊருக்குப் போய் வேற மாடி ஏறிடுவாங்க. நாங்க போக முடியுங்களா? எங்களுக்கு ரப்பர் பட்டை செஞ்சு கொடுக்கிற பட்டறை இருக்கு, கண்ணாடி வெட்டுற இடம் இருக்கு, அவங்க ஒரு தப்பும் பண்ணலையே? கதவைச் சாத்தும்போது மெத்துனு சாத்துதே, அந்தப் பதம் கைக்கு வர அஞ்சு வருஷம் ஆகும். பூட்டுப் போட்டுட்டா அந்தக் கைங்க ஆளுக்கு ஒரு பக்கம் போயிடும். திரும்பச் சேர்க்க நீங்க எத்தனை கமிட்டி போட்டாலும் ஆகாது."

பேராசிரியர் பொறுமையிழந்தார். "சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க. கொடுக்கலாமா, கூடாதா?"

"ஒரே வார்த்தையில முடியற விஷயமா இருந்தா உங்களை மாதிரி அஞ்சு பேர் எதுக்குங்க ஐயா?"

தலைவரே சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள், "கொடுங்க. அவங்க கையில மட்டும் வேண்டாம்."

என் விரல் நின்றது இங்கேதான்.

அவள் அடுக்கிக்கொண்டே போனாள். முதலில் மாடி காலியாகட்டும். பணத்தை மொத்தமாகத் தராமல் பகுதி பகுதியாகத் தாருங்கள். சொன்னதைச் செய்தார்களா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தாருங்கள். கம்பெனியில் அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு வேண்டும். நாளைக்கு லாபம் வந்தால், வரி கட்டின அச்சகக்காரனுக்கும் அதில் கொஞ்சம் சேரட்டும்.

பேராசிரியர் முன்னால் குனிந்தார். குரலில் இப்போது எரிச்சல் இல்லை. "ஒம்பதாயிரம் பேரையும் வெச்சுக்கிட்டு இந்தக் கம்பெனி பிழைக்கும்னு நீங்க நினைக்கிறீங்களா?"

சங்கச் செயலாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்தாள்.

"பிழைக்காதுங்க. பெரிய காரை நிறுத்தித்தான் ஆகணும். அதைச் செய்யறவங்க வெளிய போவாங்க. அவங்களுக்கு வேற வேலை கத்துக் கொடுக்கிற வரைக்கும் பாதிச் சம்பளமாவது வரணும். அதையும் சேர்த்து எழுதிக்குங்க."

பெரிய காரின் இருக்கைகளைத் தைப்பது யார் என்று அன்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். நூல்கண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் செயலாளர் பொரிந்து தள்ளிவிட்டார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க! நம்ம ஆளுங்க வெளிய போவாங்கன்னு நம்ம வாயாலயே சொல்லலாமா?"

"நான் சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரியாதா? அந்தப் பேராசிரியர் கணக்குப் போட்டு வெச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு. பொய் சொல்லியிருந்தா மத்ததையும் நம்பியிருக்க மாட்டாரு."

"சங்கம் உங்களுக்கு இனிமே துணை வராது."

"சரிங்க" என்றுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேஜையில் யாரும் உட்காரவில்லை. மற்ற ஏழு நாற்காலியும் காலி. மறுநாளும் அதே. அவள் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவசர அவசரமாகச் சாப்பிட்டு ஓடவும் இல்லை. நிதானமாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு டிராக்குக்குப் போனாள். "பயமா இல்லையா உனக்கு?" என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். "எதுக்குப் பயம்? கேட்டாங்க, கேட்டதைச் சொன்னேன். இருபத்தாறு வருஷமா அதானே பண்றேன்" என்றாள்.

ஒன்பதாம் நாள் பெயிண்ட் பகுதியைச் சேர்ந்த ஒருவர் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பதினோரு தடவை எழுதினியாமே."

"ஆமாம்."

"பானெட்ல பெயிண்ட் குமிழ் விடுதுன்னு நான் ஆறு தடவை எழுதினேன்." சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "நகல் வீட்ல இருக்கு."

"கொண்டு வாங்க."

மறுநாள் அவரோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பிரேக் குழாய் பொருத்தும் ஒருவர், கதவுப் பூட்டு மாட்டும் ஒரு பெண். அவர்களும் எழுதியிருந்தார்கள். ஒரு வாரத்தில் எட்டு நாற்காலியும் நிரம்பி, பக்கத்து மேஜையை இழுத்துப் போட வேண்டியதாயிற்று. பெட்டியிலிருந்து, பழைய டிபன் பையிலிருந்து, ஒருவர் வீட்டில் குழந்தையின் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டிருந்ததிலிருந்துகூட, மஞ்சள் சீட்டுகள் வந்து சேர்ந்தன. எண்ணிப் பார்த்தபோது நானூற்றுப் பன்னிரண்டு இருந்தது. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

எல்லாவற்றையும் பிரேக் பாகங்கள் வந்த ஒரு பழைய பெட்டியில் அடுக்கி, பகுதிவாரியாகக் கட்டினாள். குழுவின் அலுவலகத்துக்கு யார் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தபோது சங்கச் செயலாளரே வந்து நின்றார்.

"நான் கொண்டு போறேன்."

"துணை வராதுன்னீங்க?"

"அது போன மாசம்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பெட்டியை அலுவலகத்தில் கையெழுத்திட்டு வாங்கியவள் நான்தான். ஐந்து பேரும் அதைப் பங்குபோட்டுக்கொண்டு படித்தார்கள். மூன்றாம் நாள் பேராசிரியர் என் மேஜைக்கு வந்து, "அந்த அம்மா பேசினதோட முழுக் குறிப்பு வேணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஏழு வாரம் கழித்து, குழு பரிந்துரைத்தபடியே அரசாங்கத்தின் முடிவு வந்தது. கம்பெனி கேட்டதில் பாதிதான் கிடைத்தது, அதுவும் நான்கு தவணையாக. நிர்வாகக் குழு முழுதும் விலக வேண்டும். கம்பெனியில் அரசாங்கத்துக்குப் பங்கு. ரப்பர் பட்டறை போன்ற சின்ன இடங்களுக்கு வேலை தொடரும் என்ற உறுதி. தொழிலாளி எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு குறைக்கும் பத்து நாளுக்குள் கையெழுத்துப் போட்ட பதில். பெரிய கார் நிறுத்தம். ஆயிரத்தெண்ணூறு பேருக்கு வேலை இல்லை; ஒரு வருடம் பாதிச் சம்பளமும் பயிற்சியும் உண்டு. குழுவின் அறிக்கையில் பேராசிரியர் தன் கருத்து வேறுபாட்டை இரண்டு பக்கத்தில் தனியாக எழுதியிருந்தார். கடைசியில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஆயிரத்தெண்ணூறு பேர் பட்டியலில் நூல்கண்டும் இருந்தாள்.

பட்டியல் ஒட்டிய அன்று மாலையே காதுக்காரி அவள் வீட்டுக்குப் போனாள். நூல்கண்டு கதவைத் திறந்தாள், நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"நீ பேசினதாலதான் எங்க பகுதி போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நீ என்ன சொல்றே?"

"நீ பேசாம இருந்திருந்தா மொத்தமும் போயிருக்கும். எனக்குத் தெரியும். தெரியுதுங்கிறதுக்காக இன்னிக்கு உன்னை உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சு உபசரிக்க என்னால ஆகாது. அடுத்த வாரம் வா."

இவள் திரும்பி வந்துவிட்டாள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, அன்றைக்குத்தான், பஸ்ஸில் அழுதேன் என்று என்னிடம் சொன்னாள். தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் செயலாளரின் நான்கு பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கிண்டல் பண்ணுவான்.

அடுத்த வாரம் போனாள். நூல்கண்டு உள்ளே கூப்பிட்டாள். இரண்டு பேரும் பயிற்சி எங்கெங்கே நடக்கிறது என்ற பட்டியலைத் தரையில் விரித்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நூல்கண்டு இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், படுக்கைத் துணிகளும் அறுவை அறை உடுப்புகளும் தைக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர். சம்பளம் முன்னைவிடக் கொஞ்சம் குறைவு. "ஆனா இங்க தைக்கிறதை யாராவது உடுத்துறாங்க. அந்தப் பெரிய கார் சீட்ல ஒரு ஆள்கூட உட்காரலை" என்பாள்.

புதிய நிர்வாகம் வந்த முதல் மாதமே பிளாஸ்டிக் கிளிப்பை எடுத்துவிட்டு உலோகக் கிளிப்பைப் போட்டது. 'கிலுகிலுப்பை' என்ற பெயர் போக இன்னும் இரண்டு வருடமானது. நான்காவது வருடம் கம்பெனி சொந்தக் காலில் நின்றது. அரசாங்கம் தன் பங்கை விற்றபோது போட்டதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. தம்பி அந்தச் செய்தித்தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தான். அன்று நானும் அங்கே விருந்தாளி.

"பாத்தியாக்கா? குறைஞ்சுது!"

"மூடியிருந்தா எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு அந்தப் பேப்பர்ல போட்டிருக்கா?"

"அதெல்லாம் எவன் போடுவான்?"

"அப்ப நீ போடு. உனக்குத்தான் அச்சடிக்கத் தெரியுமே."

அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்க கமிட்டி ஆளு. என் அச்சகத்துக்கு ஒரு கமிட்டி எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்க மேடம்." விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லிவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தான். அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

போன வருடம் அரசாங்கம் ஒரு நிரந்தரக் குழு அமைத்தது. உதவி கேட்டு வரும் தொழில்களை அது விசாரிக்கும். பழைய நீதிபதியே தலைவர். உறுப்பினர்களில் ஒருவர் ஆலையில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டு, காதுக்காரியை நியமிக்க வைத்தார். முதல் விசாரணைக்கு வந்தது, பஸ் கட்டும் ஒரு கம்பெனி. நான் ஓய்வுபெறுவதற்கு முன் எழுதிய கடைசிக் குறிப்பும் அதுதான்.

பஸ் கம்பெனி முதலாளி நாற்பது நிமிடம் பேசினார். எங்கள் வண்டிகள் இல்லாவிட்டால் இந்த நாடே நகராது என்று முடித்தார். தலைவர் இடப்பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

காதுக்காரி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் குரலுக்கு அது தேவையே இல்லை.

"ஐயா, உங்க கம்பெனி பஸ்ல நீங்க கடைசியா ஏறினது எப்ப?"

முதலாளி தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேஜைமேல் இருந்த காகிதங்களைப் பார்த்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இங்கேருந்து ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகுது, உங்க பஸ்தான். ஒரு தடவை போயிட்டு வாங்க. பின்சீட்ல உட்காருங்க. வந்து என்ன கேட்டுச்சுன்னு சொல்லுங்க. நாங்க எங்கயும் போயிட மாட்டோம்."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து விசாரணையை ஒரு மணி நேரம் ஒத்திவைத்தார். முதலாளி மெல்ல எழுந்து, கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று வாசலில் நின்ற காவலாளியிடம் விசாரித்துக்கொண்டு வெளியே நடந்தார்.